நாணலில் இருந்து நீலக்கோடு வரை

சித்தப்பாவின் வாயோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்த அந்தக் குழாயைத்தான் ஒன்பது நாளும் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவர், கவரைப்பேட்டை தாண்டி மழைச் சேற்றில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டார். தலையில் அடி, நினைவில்லை. 108 வண்டியில் செங்குன்றம் வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்த கையோடு டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துவிட்டார்கள்.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். அந்த நேரத்துக்குள் அந்தக் குழாய் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தெளிந்த பிளாஸ்டிக். சுண்டுவிரல் பருமன். நெடுக ஒரு நீலக்கோடு. எக்ஸ்ரேயில் குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று காட்டுவது அதுதான். ஓரத்தில் சென்டிமீட்டர் எண்கள். பல்வரிசைக்கு நேராக 23. பக்கத்தில் மெல்லிய இழைக்குழாய் ஒன்று, அதன் முனையில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டி பலூன். அளவைக் குறிக்கும் 7.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் ஒரு பொடி எழுத்து: இசட்-79.

ஐந்தாம் நாள் காய்ச்சல் ஏறியது. சக்ஷன் வைத்து உறிஞ்சும்போது வந்த சளி மஞ்சளும் பச்சையுமாக மாறியிருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளை படர்ந்திருந்தது. நிமோனியா என்றார் டாக்டர். சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அடி தலையிலதானே பட்டுச்சு டாக்டர்? நெஞ்சுல எப்படிச் சளி கட்டுச்சு?"

"மூச்சுக்குப் போட்ட டியூபே கிருமிக்கும் வழியாயிடுதும்மா" என்றார் அவர்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. குழாய் எங்கிருந்து புறப்பட்டு, யார் யார் தொண்டை வழியாக வந்து, சித்தப்பாவின் வாயோரம் ஒட்டிக்கொண்டது என்ற கதை. அதில் வரும் தொண்டைகளில் பல மனிதருடையவை அல்ல.

1543-ல் பாசல் நகரில் அச்சான உடற்கூறு நூலின் கடைசி அத்தியாயத்தில் வெசாலியஸ் ஒரு சோதனையை விவரித்தார். உயிருள்ள விலங்கின் மூச்சுக்குழலில் துளையிட்டு, அதில் ஒரு நாணல் துண்டைச் செருகி ஊத வேண்டும். சுருங்கிக் கிடந்த நுரையீரல் எழும்பும், தளர்ந்த இதயம் மீண்டும் துடிக்கும் என்று எழுதினார். இந்தக் குழாயின் பிறப்பு அதுதான்: ஆற்றோர நாணல், அறுக்கப்பட்ட ஒரு விலங்கு, ஒரு மனிதரின் வாய்க்காற்று. 1667-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ராபர்ட் ஹூக் ஒரு நாயின் மார்பைத் திறந்து, கொல்லன் பட்டறைத் துருத்தி போன்ற ஒன்றால் மூச்சுக்குழலுக்குள் காற்றைச் செலுத்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை உயிரோடு வைத்திருந்தார். அன்று அந்த நாய்க்கு மயக்க மருந்து கிடையாது. மயக்க மருந்து வர இன்னும் ஏறக்குறைய 180 ஆண்டுகள் இருந்தன. இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

1878 ஜூலையில் கிளாஸ்கோவில் வில்லியம் மக்கீவன், நாக்கின் அடியில் கட்டி இருந்த ஒருவருக்கு வாய் வழியாகவே மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்கி மயக்கம் கொடுத்தார். கழுத்தைத் துளைக்கத் தேவையில்லாமல் போயிற்று. முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு அறுவை நடந்த சிட்கப் மருத்துவமனையில் ஐவன் மேகில் அதைச் சிவப்பு ரப்பர் குழாயாக்கினார்.

ஆனாலும் ஒரு குறை. குழாய்க்கும் மூச்சுக்குழலின் சுவருக்கும் நடுவே இடைவெளி. செலுத்தும் காற்று அந்த வழியாக மேலே கசியும்; வாயில் இருக்கும் எச்சிலும் இரத்தமும் அதே வழியாகக் கீழே இறங்கும். 1920களில் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ஆர்தர் கெடல், குழாயைச் சுற்றி ஊதிப் பெருக்கும் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தினார். ஐசியூவில் "கஃப்" என்று சொல்வது அதைத்தான். வழி முழுக்க அடைபடுகிறது என்று சக மருத்துவர்களுக்குக் காட்ட, ஒரு நாய்க்கு மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, கஃபை ஊதி, தண்ணீர்த் தொட்டியில் அப்படியே மூழ்கடித்து வைத்தார். பிறகு வெளியே எடுத்தார்கள். நாய் கண்விழித்து, உடம்பை உதறித் தண்ணீரைச் சிலுப்பிவிட்டு எழுந்தது. 'ஏர்வே' என்று பெயர் பெற்ற அந்த நாய் மயக்கவியல் வரலாற்றில் நின்றுவிட்டது. சித்தப்பாவின் கன்னத்தோரம் தொங்கிய குட்டி பலூன், உள்ளே கஃபில் காற்று இருக்கிறதா என்று வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க வைத்தது. அதை விரலால் அமுக்கிப் பார்க்கும் ஒவ்வொரு நர்ஸும் ஏர்வே உதறிய தண்ணீரில் ஒரு துளியைத் தொடுகிறார் என்றே எனக்குத் தோன்றும்.

குழாய் அறுவை அரங்கை விட்டு வார்டுக்கு வந்தது 1952-ல். கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே நாளில் இறந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, கஃப் வைத்த குழாயைப் போட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அதன் பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஐசியூ அங்கிருந்துதான் வளர்ந்தது. அதுவரை சில மணி நேரம் மட்டுமே தொண்டையில் இருந்த குழாய், நாள்கணக்கில் தங்கத் தொடங்கியது. விருந்தாளி குடித்தனக்காரர் ஆகிவிட்டார்.

குடித்தனம் இருந்தால் சுவர் பாழாகத்தான் செய்யும். பழைய ரப்பர் கஃப்கள் இறுக்கமானவை. அழுத்தம் தாங்காமல் மூச்சுக்குழலின் உட்சுவர் அழுகியது, பின்னால் தழும்பு விழுந்து சுருங்கியது. 1969-ல் பாஸ்டனில் கூப்பரும் கிரில்லோவும் நாய்களில் இந்தச் சேதத்தை உண்டாக்கிக் காட்டி, மெல்லிய, தளர்ந்த கஃப் வைத்தால் அது நேராது என்பதையும் காட்டினார்கள். அதிக கொள்ளளவு, குறைந்த அழுத்தம் என்ற இன்றைய கஃபின் வடிவம் அப்படி வந்தது. குழாயும் ரப்பரிலிருந்து பிவிசி பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிளாஸ்டிக்கில் கலக்கும் இரசாயனம் தசையை அரிக்குமா? அதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். குழாய்ப் பிளாஸ்டிக்கைச் சிறு பட்டைகளாக நறுக்கி, முயலின் முதுகுத் தசையில் பதித்து, சில நாள் கழித்து எடுத்துச் சுற்றுத் தசை புண்ணாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மயக்கவியல் கருவிகளுக்குத் தரம் வகுத்த அமெரிக்கக் குழுவின் எண் இசட்-79. சித்தப்பாவின் உதட்டருகே நான் படித்த அந்தப் பொடி எழுத்துக்குப் பொருள் இதுதான். முயலின் தசையில் தேறி வந்த பிளாஸ்டிக் என்ற முத்திரை. இன்று இந்தக் கேள்வியை முதலில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிடம் கேட்கிறார்கள். முத்திரை மட்டும் சில குழாய்களில் அப்படியே நிற்கிறது.

இனி சித்தியின் கேள்விக்கு வருகிறேன்.

நலமாக இருக்கும்போது நம் மூச்சுக்குழல் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் வயலில் நாற்று அசைவதுபோல ஓயாமல் அசைந்து, சளியைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மீதியை இருமல் பார்த்துக்கொள்ளும். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும். குழாய் போட்டதும் குரல்வளை திறந்தே நிற்கிறது. இருமல் இல்லை. நுண்மயிர் தள்ளிக்கொண்டு வரும் சளி கஃபில் முட்டி நிற்கிறது. கஃபுக்கு மேலே எச்சில் தேங்குகிறது. உட்சுவரைப் புண்ணாக்கக் கூடாது என்று கஃபைத் தளர்வாக்கினோம் அல்லவா? அந்தத் தளர்வில் சுருக்கம் விழுகிறது. வேட்டி மடிப்பில் தண்ணீர் இறங்குவதுபோல அந்தச் சுருக்கங்கள் வழியாக எச்சில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. குழாயின் உட்புறத்தில் கிருமிகள் பாசிபோல் ஒரு படலம் கட்டுகின்றன. வென்டிலேட்டரில் 48 மணி நேரம் கடந்த பிறகு வரும் நிமோனியாவுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நோயாளியை வைத்தே தெரிந்துகொள்ளக் கூடாதா? முடியாது என்பதுதான் சிக்கல். படுத்திருப்பவர் ஏற்கெனவே நோயாளி. ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கிறது. கிருமி எந்த மணி நேரத்தில் எந்த வழியாக உள்ளே போனது என்று யாரும் பார்க்கவில்லை. நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துப் பார்க்கவும் இயலாது. அதனால் விலங்குகளிடம் போனார்கள். 1980களில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஜோஹான்சனின் குழு பபூன் குரங்குகளை நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்து, குழாய் வழியே எடுத்த சளி சொல்வதும் நுரையீரல் திசுவே சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தது. 1990களில் பிரான்சின் லில் நகரில் மார்க்கெட்டின் குழு பன்றிக்குட்டிகளை வைத்துப் பார்த்தது. பிறகு பார்சலோனாவில் அன்டோனி டோரஸ், லி பாசி ஆகியோரின் குழு மயக்கத்தில் இருந்த பன்றிகளின் தொண்டையில் சூடோமோனாஸ் கிருமியை விட்டது. கஃபுக்கு மேலே விட்ட கிருமி கஃபைத் தாண்டி நுரையீரலில் நிமோனியாவாக வந்து நின்றது. பன்றியின் மூச்சுக்குழல் ஏறக்குறைய நம் அளவு. நமக்குப் போடும் அதே குழாயை அதற்கும் போடலாம்.

இந்தக் கதையில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது ஆடுகள். அமெரிக்காவின் பெதஸ்டாவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் தியோடர் கோலோபோ என்ற மருத்துவர் இருந்தார். அவருடைய குழு செம்மறியாடுகளுக்கு மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, மூன்று நாள் வரை வென்டிலேட்டரில் வைத்தது. மூச்சுக்குழலுக்குள் டான்டலம் என்ற உலோகத்தின் நுண்ணிய வட்டத் துகள்களைத் தூவி, எக்ஸ்ரேயில் அவை எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்தது. ஓடையில் காகிதப் படகு விட்டு ஓட்டம் பார்க்கும் அதே வித்தை. தலைப்பக்கம் உயர்ந்திருந்த ஆடுகளில், நுண்மயிர்கள் சளியை மேலே தள்ளின. கஃப் வரை போன சளி அங்கே முட்டிக்கொண்டு, பள்ளமான பக்கமாகத் திரும்பி, நுரையீரலை நோக்கியே வழிந்தது. மூச்சுக்குழல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த ஆடுகளில் சளி வெளியே வடிந்தது. நுரையீரல் சுத்தமாக இருந்தது. மேலே போக வேண்டியது கீழே போகிறது என்பதை 2003-லும் 2008-லும் வந்த இந்த ஆய்வுகள் கண்ணால் காட்டின. சித்தியின் கேள்விக்கு நேரான பதிலைச் சொன்னவை அந்த ஆடுகள்தாம்.

ஆனால் ஐசியூவில் நான் கேட்டது வேறு. சித்தப்பாவைத் துடைத்துவிட வந்த வார்டு ஊழியர் கட்டிலைச் சமமாக்கியபோது, பக்கத்துப் படுக்கையிலிருந்த சிஸ்டர் திரும்பிச் சொன்னார்: "அண்ணா, முடிஞ்சதும் தலைமாட்டை ஏத்திடுங்க. அப்படியே விட்டீங்கன்னா வயித்துல இருக்கறது மேல வரும்."

ஆடு இறக்கச் சொல்கிறது. சிஸ்டர் ஏற்றச் சொல்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1999-ல் பார்சலோனாவில் 86 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மட்டமாகப் படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா சந்தேகம் எழுந்தது. தலைமாட்டை 45 பாகை உயர்த்தி வைத்தவர்களில் 8 சதவீதம்தான். மனிதருக்குக் குழாயில் ஊட்டும் உணவு வயிற்றிலிருந்து எதிர்த்து மேலே வரும் அபாயம் இருக்கிறது. ஆடு சொன்னதையும் விட்டுவிட மனமில்லாமல், லி பாசியின் குழு அதை மனிதரிடமே கேட்டுப் பார்த்தது. 2017-ல் வெளியான அந்த ஆய்வில் 395 பேர். ஒருக்களித்துத் தலையைச் சற்றுத் தாழ்த்திக் கிடத்திய 194 பேரில் ஒருவருக்கு நிமோனியா. தலைமாடு உயர்ந்திருந்த 201 பேரில் 8 பேருக்கு. ஆடு சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். நிமோனியாவே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது, மற்ற நன்மை எதுவும் தெரியவில்லை, தாழ்த்திக் கிடத்தியதால் சில பக்கவிளைவுகள் வந்தன. சளி எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு ஆடு சரியான சாட்சி. கட்டிலில் கிடக்கும் முழு மனிதருக்கு எது நல்லது என்பதற்கு அது சாட்சி ஆக முடியாது. கிருமி படலம் கட்டாமல் இருக்க வெள்ளி பூசிய குழாய்க்கும் இதே பாதைதான். நாய்களில் கிருமியைக் குறைத்தது என்று 2002-ல் தெரிந்தது. 2008-ல் வெளியான ஆய்வில், ஒரு நாளுக்கு மேல் குழாயோடு இருந்த 1,509 நோயாளிகளிடம் நிமோனியாவை 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆக இறக்கியது. சாவைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

விலங்கு சொன்னது மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்ற இந்தப் பாடத்தை, கும்மிடிப்பூண்டி இருக்கும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. 1968-ல், அன்று செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த இன்றைய திருவள்ளூர்ப் பகுதியின் 209 கிராமங்களிலும் சில நகர்ப் பகுதிகளிலும் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியின் மாபெரும் கள ஆய்வு தொடங்கியது. 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். 2.8 லட்சம் பேருக்கு மேல் தடுப்பூசியோ வெறும் ஊசியோ போட்டு, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல், 15 ஆண்டுகள் வீடு வீடாகப் பின்தொடர்ந்தார்கள். கினிப்பன்றிகளைக் காசநோயிலிருந்து காத்த மருந்து அது. 1999-ல் வந்த முடிவு, வயது வந்தவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றது. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து காக்க இன்றும் பிசிஜி போடுகிறோம். பெரியவர்களின் நுரையீரல் விஷயத்தில் மட்டும் பதில் வேறாக இருந்தது. கினிப்பன்றி முன்பே ஒரு குறிப்புக் கொடுத்திருந்தது. சென்னை நோயாளிகளின் கிருமிகளில் பல, பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளைவிடக் கினிப்பன்றிக்குள் மென்மையாக நடந்துகொண்டன என்று 1960-லேயே பதிவாகியிருக்கிறது. அதே கிருமிகள் இங்கே மனிதரை உருக்கிக்கொண்டிருந்தன. விலங்கு சொன்னதை மனிதரிடம் மறுபடி கேட்டே ஆக வேண்டும் என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் நம் ஊரும் ஒன்று. ஊசிக்குக் கை நீட்டிய அந்தக் கிராமத்து மனிதர்களை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

அப்படியானால் விலங்குகளே வேண்டாமா? சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததே 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் ஆய்வைத் தடை செய்யவில்லை. மயக்கம் கொடு, வேதனையைக் குறை, சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடாதே, வேறு வழியிருந்தால் விலங்கையே தவிர் என்று வரம்பு கட்டியது. ஹூக்கின் நாய்க்கும் கோலோபோவின் ஆட்டுக்கும் இடையில் மனிதர் கொஞ்சம் வளர்ந்திருக்கிறோம் என்றால், இப்படிப்பட்டவர்கள் பிடிவாதமாக நின்றதால்தான்.

வரம்போடு நடத்தும் ஆய்விலும் ஒரு கடன் மிஞ்சுகிறது. அந்தக் கடனை அடைக்கும் இடம் கட்டிலோரம். தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பது. கஃபின் அழுத்தத்தை அளந்து 20-க்கும் 30 சென்டிமீட்டர் நீருக்கும் நடுவில் நிறுத்துவது. வாயைத் துலக்கிச் சுத்தமாக வைப்பது. ஒவ்வொரு படுக்கைக்கும் கையைக் கழுவிவிட்டுப் போவது. மயக்க மருந்தைக் குறைத்து, இன்று தானாக மூச்சு விடுவாரா என்று தினமும் பார்ப்பது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை; ஆள் வேண்டும், நேரம் வேண்டும், இரவு மூன்று மணிக்கும் தளராத பொறுமை வேண்டும். நம் ஊர் ஐசியூக்களில் அசினெட்டோபேக்டர், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பல மருந்துகளுக்கு மசிவதில்லை. என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பரவியிருப்பதைப் பற்றி 2010-ல் வந்த ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. அதை முன்னின்று எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயன். மருந்து தோற்கும் காலத்தில் கட்டிலின் கைப்பிடியும் சோப்பும்தான் முதல் மருந்து. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே படித்து வரும் பிள்ளைகள் குழாயைப் போடக் கற்கும் அன்றே, குழாய் சுமந்து வரும் இந்தக் கடனையும் கற்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்பதாம் நாள் காலை சித்தப்பா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. சிஸ்டர் சிரிஞ்சால் குட்டி பலூன் வழியே கஃபின் காற்றை உறிஞ்சி எடுத்தார். "நல்லா இருமுங்கப்பா" என்றார். இருமலோடு இருமலாகக் குழாய் வெளியே வந்தது. சிறுநீரக வடிவத் தட்டில் அது கிடந்ததை அருகில் போய்ப் பார்த்தேன். முதல் நாள் தெளிவாக இருந்த உட்புறம் பழைய கண்ணாடிக் குவளைபோல் மங்கி, மஞ்சள் படலம் ஒட்டியிருந்தது. இசட்-79 அழியவில்லை. சிஸ்டர் அதை எடுத்துச் சிவப்புப் பைக்குள் போட்டார். அங்கிருந்து அது நீராவியில் வெந்து, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகும்.

சித்தப்பா முதலில் சொன்ன வார்த்தை "தண்ணி". குரல் கரகரத்துக் காற்றாக வந்தது. சித்தி ஓடிப்போய் பாட்டிலைத் திறந்தார்.

"இப்பக் கூடாதும்மா. புரை ஏறிடும். பஞ்சுல நனைச்சு உதட்டுல வையுங்க" என்ற சிஸ்டர், கட்டிலின் காலடியில் குனிந்து, கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.